பேனரின் முன்பக்கம்

பேராசிரியர் ஞானசிகாமணி வீட்டு நடையில் ஓர் ஊர்வலம் நின்றுகொண்டிருந்தது. வெகு காலமாக நிற்கிறது. கோஷத்தின் முதல் வரியைப் போட்டுவிட்டு, ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததென்று பாதியில் கிளம்பிப் போனவர் அவர்தான். "திரும்ப எடு! திரும்ப எடு!" என்றார். யாரை என்று சொல்லவில்லை. அடுத்த வரி வந்தால்தானே கால் நகரும்?

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கட்டுப்பாடான ஊர்வலம். ஜனநாயகத்தைப் பற்றியும் இடதுசாரி இயக்கங்களைப் பற்றியும் அவர் தடித் தடியாகப் புத்தகம் எழுதியபோது ஒருவர்கூட இருமவில்லை. புத்தகம் வெளிவரும்போதெல்லாம் நடைதான் கொஞ்சம் நீளும்.

பல்கலைக்கழகம் போகும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து, பேனருக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடிவிடுவார். திரும்பும்போது கொல்லை வாசல். எதிரே வந்து அத்தனை முகத்தையும் பார்க்க வேண்டுமே! மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று, பேனரின் ஒரு கம்பைப் பிடித்திருந்த அம்மாள் வழிமறித்தாள். மற்றக் கம்பு அவர் பிடிக்க வேண்டியது. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

"தோழர், ரெண்டாவது வரி?"

"அது… என்ன வரி தோழர்?"

"மில்லுல ஒருத்திய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கல்லா. அவளத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான போறோம்."

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"அப்ப நீங்களே போடலாமே."

"நல்லாருக்கே கதை! கமிட்டி உங்களையல்லா போடச் சொல்லிருக்கு. நாங்க திருப்பிச் சொல்றவங்க."

அவர் உள்ளே ஓடி, அந்தப் போராட்டத்தைப் பற்றித் தானே எழுதிய புத்தகத்தைப் புரட்டினார். 'ஒரு குறிப்பிட்ட கோரிக்கை' என்று இருந்தது. எங்கே புரட்டினாலும் அதேதான். பரிசு வாங்கிய புத்தகம் வேறு.

முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். "மன்னிச்சிருங்க" என்றார், மெதுவாகத்தான்.

முஷ்டிகள் உயர்ந்தன. "மன்னிச்சிருங்க! மன்னிச்சிருங்க!"

"ஐயோ, இல்ல!"

"ஐயோ இல்ல! ஐயோ இல்ல!"

வரி வந்துவிட்டதல்லவா, ஊர்வலம் நடக்கத் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அதற்குமேல் என்ன செய்ய?

நடையின் கோடியில் மில் கேட் இருந்தது. வாட்ச்மேன் கோஷத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வந்தார்.

"முதலாளி மன்னிச்சிட்டாராம். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

கேட்டைச் சாத்தினார். கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

பேனரோடு அந்த அம்மாள் மட்டும் நின்றாள். "நல்லபடியா முடிஞ்சிட்டு தோழர். மடிக்கணும், ஒரு கை பிடிங்க."

பிடித்தார். முன்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து, அவரே எழுதியது. 'சீனியம்மாளைத் திரும்ப எடு.'

பேசாமல் மடித்திருக்கலாம். கேட்டுத் தொலைத்தார்.

"யாரு தோழர் சீனியம்மாள்?"

அம்மாள் அவரையே பார்த்தாள். கையைத் தன் நெஞ்சுவரை கொண்டுபோனாள். ஆனால் கட்டுப்பாடானவள் ஆயிற்றே. அந்தக் கையையே முஷ்டியாக்கி உயர்த்தினாள். ஆளில்லாத நடையில் தனியாகவே போட்டாள்.

"யாரு தோழர் சீனியம்மாள்! யாரு தோழர் சீனியம்மாள்!"