சிரிப்பு கடைசியில் இருந்தது

குரல்பதிவை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட கை கீழே இறங்குவதற்குள், பலகுரல் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் திருப்பிவிட்டிருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. அவன் திட்டம் போட்டுச் செய்த எதுவும் அதுவரை உருப்பட்டதில்லை.

பலகுரல் என்பது நண்பர்கள் வைத்த பெயர். கதவு கிறீச்சிடுவது முதல் மேயர் தொண்டையைக் கனைப்பது வரை எல்லாச் சத்தங்களும் அவன் தொண்டையில் குடியிருந்தன. சொந்தக் குரலுக்குத்தான் அங்கே இடநெருக்கடி.

பாலத்துக்கு இந்தப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி. அதன் அவசரப் பிரிவை மூடி, அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடம் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்திருந்தது. மக்கள் கருத்துக் கேட்க அன்று மாலை கூட்டம். போன கூட்டத்துக்கு இளைஞர் என்று வந்தவர்கள் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி பிடித்துத் தூங்கினார்கள்; அவர்களில் பலகுரலும் ஒருவன். அதனால்தான் அவன் படித்த கல்லூரியின் மாணவர் தலைவி அவனைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரின்னா கிழடுகட்டை சமாச்சாரம்னு நம்ம பசங்க நினைக்கிறாங்க. பயமுறுத்துற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. சும்மா கிச்சுகிச்சு மூட்டாத."

"பயமுறுத்தணும்னா என் மூஞ்சியையே அனுப்பலாமே."

"அதப் பார்த்து யாரும் பயப்படறதில்ல. பாவப்படறாங்க."

சின்ன ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் பேசும் அம்மாளின் குரல் ஊருக்கே தெரியும். அந்தக் குரலை அவன் எடுத்துக்கொண்டான். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நமது மருத்துவமனையின் அவசரப் பிரிவு இன்றுமுதல் மூடப்படுகிறது. நோயாளிகள் பாலத்தைக் கடந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும்." கொஞ்சம் இடைவெளி. அப்புறம், "பாலத்தில் நெரிசலாக இருந்தால் நோயைச் சற்று நேரம் நிறுத்திவைக்கவும்." அதன்பின் சொந்தக் குரலில் கூட்டத்துக்கு அழைப்பு.

எதைச் செய்தாலும் முதலில் வீட்டுக் குழுவில் போடுவது அவன் வழக்கம். ஒரு வார்த்தை விளக்கம் சேர்க்கமாட்டான். சொல்லிவிட்டுச் சிரிக்கவைப்பது கிள்ளிவிட்டு அழவைப்பது மாதிரி என்பது அவன் கொள்கை. அக்கா சிரித்தால் ஊருக்குப் போகும். அப்பா முறைத்தால் கட்டாயம் போகும். அன்றும் அப்படியே போட்டான். பெண் குரலில் அவன் செய்தது அதுதான் முதல் தடவை.

சற்று நேரத்தில் அக்காவிடமிருந்து அழைப்பு. சிரிப்பைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு எடுத்தான்.

"தம்பி, அம்மாவுக்கு இளைப்பு வந்துடுச்சுடா. இன்ஹேலருக்கு அடங்கல. அப்பா கார்ல போட்டுக் கிளம்பிட்டார். நல்ல வேளை, உன் மெசேஜ் காதுல விழுந்துச்சு. இல்லாட்டிப் பூட்டின கதவுல போய் முட்டியிருப்போம். இப்பப் பாலத்துமேல நிக்கறோம்."

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"எங்கடா கேக்கறது? மூடிட்டாங்கன்னதுமே அப்பா வண்டியத் திருப்பிட்டார்."

சிரிப்பு கடைசியில் இருந்தது. மூச்சுக்குத் தவிப்பவளை வைத்துக்கொண்டு யார் கடைசிவரை கேட்பார்கள்?

"அக்கா, திரும்பிடுங்க. அங்க..."

"எங்க திரும்பறது? முன்னாடி லாரி, பின்னாடி பஸ். வையிடா, அம்மாவப் பிடிக்கணும்."

பின்னால் ஒரு சத்தம். குழலின் ஓட்டையை யாரோ பொத்திக்கொண்டு ஊதுவது போல. அது அம்மாவின் மூச்சு. அவனால் நகலெடுக்க முடியாத சத்தம் என்று உலகத்தில் ஒன்று இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்தான். பாலத்தின் வாயில் வண்டிகள் பல்லோடு பல்லாகக் கடித்துக்கொண்டு நின்றன. ஸ்கூட்டரை அங்கேயே சாய்த்துவிட்டு ஓடினான். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் எட்டிப்பார்த்தான். அப்பாவின் கார் இல்லை. போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே தன் வீட்டுக்கு மட்டும் சீர்திருத்தத்தை அமல்படுத்திவிட்ட மகான் அவன்.

பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் கேட்டான். "உள்ளதான் இருக்காங்க, உட்காருங்க."

"எப்படி இருக்காங்க?"

"டாக்டர் சொல்வாங்க."

வார்டு வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டான். "எல்லாம் நல்லபடியா நடக்கும் சார்." அந்த 'சார்' நல்லதுக்கில்லை என்று பட்டது. அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

நடைபாதைப் பெஞ்சில் அப்பா, கார் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு. பக்கத்தில் அக்கா. அம்மாவின் ஒற்றைச் செருப்பு அவள் மடியில்.

"பாலத்துமேலயே நினைவு தப்பிடுச்சு," என்றாள் அக்கா. "உதடெல்லாம் நீலம். நீ மட்டும் அனுப்பலேன்னா இன்னும் அலைஞ்சிருப்போம்டா."

அப்பா அவன் தோளில் கை வைத்தார். அவர் கை வைத்தால் அது அடியாகத்தான் இருக்கும் என்பது குடும்ப வரலாறு. இன்று பாராட்டு. அதை அவனால் தாங்கமுடியவில்லை.

"அப்பா, சின்ன ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கு."

"அந்த அம்மா மூடிட்டோம்னு சொல்லுச்சேடா."

"அது அந்த அம்மா இல்ல. நான். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கறதுக்காகப் பேசினேன்."

அப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. "பொய் சொல்லாத. உன் குரல் எனக்குத் தெரியாதா? எங்க, பேசு பார்ப்போம்."

பேசினான். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. குரல் பிசிறில்லாமல் வந்து தொலைத்தது. எதிர்ப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, சுவரில் ஒலிபெருக்கியைத் தேடினார்.

அக்கா செருப்பை மடியிலிருந்து எடுத்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தான். எறிந்தால் தேவலை என்றும் நினைத்தான். அவள் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தோளிலிருந்து கையை எடுத்தார்.

போன் அதிர்ந்தது. தலைவி. "எங்கடா இருக்க? பதிவை ஊருக்கு விடலியா? பாதி நாற்காலி காலி. பாலம் தாண்டினா நோயாளிக்கு என்ன ஆகும்னு கேட்டா, 'கருத்தில் கொள்ளப்படும்'கறார் அதிகாரி. யாருக்காவது ஏதாவது ஆனதுண்டா, உதாரணம் சொல்லுங்கன்னு எங்களையே திருப்பிக் கேக்கறார்."

உதாரணம் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. அவன் போனை அணைத்தான்.

கதவு திறந்தது. வெளியே வந்த டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினாள். கன்னத்தில் அதன் தடம். அப்பா எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பலகுரல்தான் முன்னால் போனான்.

"டாக்டர், முயற்சி பண்றோம், கடவுள் இருக்கார், அதெல்லாம் வேண்டாம். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. குழாய் போட்டு மெஷின்ல வெச்சிருக்கோம். மூச்சுக்குழல் இளகுது. பொழைச்சிடுவாங்கன்னு நினைக்கிறேன். மூளைக்குக் காத்து குறைஞ்ச நேரத்துல ஏதாவது பாதிப்பு இருக்கான்னு, கண்ணு முழிச்சாத்தான் தெரியும்."

அக்கா விம்முவது கேட்டது. அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் கேட்டான். இரவல் வாங்காத குரலில், தட்டுத்தடுமாறி.

"நேரா சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

டாக்டரம்மா அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"அங்க இருக்கற ஆக்சிஜனும் நெபுலைசரும் ஊசியுமே போதும். மூச்சு முழுசா அடைக்கறதுக்கு முன்னாடி போயிருப்பாங்க. குழாய் வேண்டியிருக்காது. இந்நேரம் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க."