காளான் பாறையின் கழுத்து

1

பாலைவனத்தைக் காற்றும் வெயிலும் எப்படிச் செதுக்குகின்றன என்று ஒரு சிறுவர் இதழுக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'பகலில் பாறை சூடேறி விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது' என்று தொடங்கியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. இதழின் ஆசிரியர் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க, மனுஷங்க யாருமே இல்லையே?" என்றார். அதனால் ஒரு பாறையடியில் கல்யாணப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

காளான் மாதிரிப் பாறை. பெரிய தலை, ஒல்லிக் கழுத்து. பக்கத்தில் ஒரு விடுதி. அதை நடத்துபவர் பெண்ணின் அப்பா. மகளின் கல்யாணப் படத்தைப் பாறையடியில்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். விடுதி விளம்பரத்துக்கும் ஆகுமே!

['அவர் பேராசைக்காரர்' என்று எழுதி அடித்துவிட்டேன். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். வியாபாரமும் தெரிந்தவர், அவ்வளவுதான்.]

அவருடைய தங்கை பாறைகளை ஆராய்பவள். கல்யாணத்துக்கு வந்தவள், வந்த காலோடு பாறையைச் சுற்றி வந்தாள். கழுத்தில் புதிதாக ஒரு விரிசல்.

"அண்ணா, இதுக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது."

"நாம பிறக்கறதுக்கு முன்னாடியே நிக்குது. நாளைக்கா விழப்போகுது?"

"விழும்னு சொல்லல. விழாதுன்னு என்னால சொல்ல முடியல."

"அப்போ சிமெண்ட் பூசிடலாம்."

"பூசினா ஈரமும் உப்பும் உள்ளயே மாட்டிக்கும். இன்னும் சீக்கிரம் உதிரும்."

"கல்யாண வீட்ல பேசற பேச்சா இது?"

(ஒரு குறிப்பு: காற்று மணலை ரொம்ப உயரம் தூக்குவதில்லை. மணல் தரையோரமாகத் துள்ளித் துள்ளி ஓடிப் பாறையின் அடியைத்தான் அராவும். அடியில் ஊறும் ஈரம் உப்பைக் கரைத்து உள்ளே கொண்டுபோகும். காய்ந்ததும் உப்பு படிகமாகப் பருத்துப் பாறையை உதிரவைக்கும். என் கட்டுரையில் பிழைத்தது இவ்வளவுதான்.)

3

இங்கே மணப்பெண் ஏதாவது சொல்ல வேண்டும். முதல் வரைவில் அழுதாள். அடுத்ததில் அத்தைக்காகச் சொற்பொழிவே ஆற்றினாள். எதையும் நான் நம்பவில்லை. கடைசியில் அவள் சொன்னது இது:

"அப்பா, நீங்க முதல்ல போய் நில்லுங்க. நான் பின்னாடியே வர்றேன்."

அவர் வீறாப்பாக நடந்தார். பாறைக்கடியில் நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். காற்று ஒரு வீச்சு வீசியது. மேலிருந்து ஒரு பிடி மண் பொலபொலவென்று அவர் காலருக்குள் இறங்கியது.

நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். மகள் சொன்னபடியே அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"அங்கேயே நில்லு!"

அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து யாரும் கேட்டதில்லை. ஓடி வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெகுதூரம் போன பிறகுதான் நின்றார்.

"அங்க வெளிச்சம் சரியில்ல" என்றார், மூச்சு வாங்க.

தங்கை கிட்டே வந்தாள். அவர் காலரைத் திருப்பி மண்ணை உதறிவிட்டாள்.

"வேலி எங்கிருந்து போடணும்?" என்று மெல்லக் கேட்டார்.

"வா, காட்டறேன்."

4

இனி பாறை. அன்றைக்கே விழுந்தது என்று எழுதினேன். தங்கை ஜெயித்துவிட்டாள், அண்ணன் முகம் தொங்கிவிட்டது. பிடிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் நின்றது என்று எழுதினேன். அண்ணன் ஒவ்வொரு விருந்திலும் அவளைக் கேலிசெய்தே கொன்றார். [ஒருநாள் பெருமழை வந்து —] இதையும் விட்டுவிட்டேன்.

அதை விழவைப்பதும் நிறுத்திவைப்பதும் உங்கள் இஷ்டம். அண்ணனும் தங்கையும் இன்னும் அங்கே, எந்த இடத்தில் முதல் கம்பத்தை நடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலி போட்டு முடிக்கும்வரை மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.