வட்டத்தில் குறைந்த கல்

வரதன் அந்தக் கல்லைத் தலையில் தூக்குவது இது இரண்டாம் முறை. முதல் முறை திருடிக்கொண்டு வந்தபோது அது இத்தனை கனக்கவில்லை.

பழவேற்காட்டுக் கரையில் மணல் உண்டு, சேறு உண்டு, சிப்பி உண்டு. தோணிக்கு நங்கூரம் கட்ட ஒரு நல்ல கல் மட்டும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் எளாவூர்ச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பும்போது, மேட்டுக்காட்டில் பாண்டுக்குழியைச் சுற்றி வட்டமாக நட்டிருந்த கற்களைப் பார்த்தான். ஆதிகாலத்து மனிதர்களைப் புதைத்த இடம், யாரும் தொடமாட்டார்கள். அதில் பூசணிக்காய் அளவில் ஒன்று, கயிறு கட்ட வாகாக இடை சிறுத்து இருந்தது. இத்தனையில் ஒன்று போனால் செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தான். பெரிய புத்திசாலி!

அதற்குப் பின் பிறந்த பிள்ளை பதினோராம் நாள் போயிற்று. அடுத்தது கண்ணே திறக்கவில்லை. இப்போது அவன் மனைவி இருசம்மாளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால் வலை உலர்த்தப் போய்விடுவாள். கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தால்தான் இது தங்கும் என்பது அவள் முடிவு.

"நீ வர வாணாம். நானே வெச்சிட்டு வர்றேன்" என்றான் வரதன்.

"மொதக் குட்டையிலயே போட்டுட்டு வந்து, வெச்சிட்டேன்னு சொல்லுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அந்தக் குட்டையை நேற்றே மனசில் குறித்து வைத்திருந்தான்.

விடியலில் ஏரியைத் தாண்டி, தோணியை மேலண்டைக் கரையில் கட்டினார்கள். சும்மாட்டின் மேல் கல்லோடு அவன் முன்னால். கஞ்சிக் கலயத்தோடு அவள் பின்னால். வயல் முடிந்து, பனைகள் முடிந்து, செம்மண் மேடு ஏற ஏற முள்ளும் வெயிலும்தான்.

"இன்னாய்யா, வலிக்குதா?"

"இல்லமே."

"வலிக்கட்டும்" என்றாள். ஆனாலும் முந்தானையை நனைத்து அவன் பிடரியைத் துடைத்துவிட்டாள்.

உச்சிப்பொழுதில் எதிரே மூன்று மாட்டுவண்டிகள் பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு வந்தன. ஏரிக்கரையில் உலாந்தா தேசத்து டச்சுத் துரை ஒருவர் வீடு கட்டுகிறாராம். அஸ்திவாரத்துக்குக் கல் என்றான் வண்டிக்காரன். வண்டியில் இருந்த கற்களைப் பார்த்ததும் வரதன் நடையை எட்டிப்போட்டான். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

மேட்டில் வட்டம் இல்லை. வட்டமாகப் பள்ளங்கள்தான் இருந்தன, ஈரமண்ணோடு. ஒரு கல்கூட மிச்சமில்லை.

இருசம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கய்யா வெக்கிறது? யார்கிட்டப் போய் சொல்றது?" என்று வாய்விட்டு அழுதாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அடக்கிவைத்த அழுகை அது. வரதனுக்கு ஏன் பிறந்தோம் என்றிருந்தது. சுற்றிவந்து தேடினான். ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் புல் மூடியிருந்தது; மூன்று வருஷப் புல். கல்லை அதில் இறக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"வெச்சாச்சு. வா, போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வண்டிக்காரன் வந்தா இத்தையும் ஏத்திக்கினு போயிடுவான்."

"அதுக்கு நாம இன்னா பண்றது?"

"அத்தினியும் போச்சு. நீ திருடினதுதான் மிஞ்சிச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். "சாமிங்களா, இந்த வாட்டி கேட்டு எடுக்கிறோம். உங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். எங்க வாசல்ல வெச்சி விளக்கேத்துறோம்." அவன் பக்கம் திரும்பினாள். "தூக்கு. தோணியில மட்டும் கட்டிப்பாரு, கையை ஒடிச்சிடுவேன்."

வரதன் சும்மாடு சுருட்டினான். மேடு இறங்கும்போது கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பனைகளுக்குக் கிட்டே வந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"நல்ல குள்ளமாத்தான் இருக்கு. புள்ள மொதமொதல்ல எழுந்து நிக்கிறப்போ இத்தைத்தான் புடிச்சிக்கும், பாரு."

வரதன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை காலியாக இல்லை.