பம்ப் ரூம் புகை

இயற்கைக் காட்சி வரைகிறவர் என்றதும் சாதுவான ஆளை நினைத்தீர்கள் என்றால் ஏமாந்து போவீர்கள். இந்த ஓவியர் வரைவதைப் பார்த்தால் யாரையோ அடித்துத் துவைக்கிறார் என்றுதான் தோன்றும். தூரிகையெல்லாம் பேருக்குத்தான். மெல்லிய தகட்டுக் கத்தி ஒன்று வைத்திருந்தார். அதைக் கொண்டு சாயத்தை வழித்துக் கேன்வாஸில் அறைவார். பிடிக்காவிட்டால் ஒரே இழுப்பில் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி அறைவார். அந்தக் கத்தி ஒரு பழத்தைக்கூட அறுக்காது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆனாலும் அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்து மனைவிக்கே பயமாக இருக்கும்.

கோபம் ஊர் மேல்தான். இருபது வருடமாக ஒருத்தனும் தன் படத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது அவருடைய தீராத குறை. முடித்த படத்தை ஈரத்தோடு கொண்டுபோய் ஃபிரேம் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு வாரம் வைப்பார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். நிற்பார்கள். கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிதான் அவருடைய இடம். வெடிவைத்துப் பிளந்த மலை, அதன் காலடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், அக்கரையில் பூட்டிக் கிடக்கும் பம்ப் ரூம். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை வெயில் பாறையில் சாய்வாக விழும். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் வரைவார். வெயில் மாறினால் மூட்டை கட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து நிற்பார். இல்லாததை வரைவதில்லை, இருப்பதை மறைப்பதில்லை என்று ஒரு வீம்பும் உண்டு. ஒரு செத்த நாய் கிடந்தபோது அதையும் வரைந்து வைத்தார். அந்தப் படத்தை இன்றுவரை எவரும் வாங்கவில்லை.

அந்த வாரம் மனைவியின் தம்பி ஒரு வினையை இழுத்துக்கொண்டு வந்தான். லாரி ஓட்டுகிறவன். லாரி செட்டில் நாலு பேர் பார்க்க முதலாளியின் தம்பி அவனைச் செருப்பால் அடித்தான். இவன் கையில் ஜாக்கி லிவர் இருந்தது. வீசிய வீச்சில் முதலாளி தம்பியின் இடது கண் போய்விட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் இவனை உயிரோடு விடுவதில்லை என்று சபதம் போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை கோர்ட்டில் சரணடைய வக்கீல் ஏற்பாடு செய்துவிட்டார். அதுவரை ஆறு நாள் அவன் ஆளே தெரியாமல் இருக்க வேண்டும்.

அவனைப் பின்ஜன்னல் வழியாக ஏற்றிப் பம்ப் ரூமில் ஒளித்து வைத்தது ஓவியர்தான். அவர் தினமும் அங்கே போவது ஊரறிந்த விஷயம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாயப் பெட்டியின் அடித்தட்டில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக் கொடுத்தபோது மனைவி சொன்னாள்: "அவன் உசுரு இப்போ உங்க கையில இருக்குங்க."

புதன்கிழமை அவர் நிமிர்ந்து பார்த்தபோது பம்ப் ரூம் ஓட்டின் மேல் மெல்லிசாக ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். உள்ளே மைத்துனன் மூன்று கல் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு டீக்கு ஆசைப்பட்டேன் மாமா."

அவர் அடுப்பைக் காலால் எட்டி உதைத்தார். "இனி நெருப்பு மூட்டுன, அவனுங்க வேண்டாம், நானே உன்னைக் கொன்னுடுவேன்."

திரும்பி வந்து கேன்வாஸின் முன் நின்றார். நாலு நாளாக அந்தப் படம் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. கறுத்த பாறை, கறுத்த தண்ணீர், உயிரே இல்லை. இப்போது அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கத்தி விளிம்பில் நீலம் கலந்த வெள்ளையைத் தொட்டு, ஓட்டிலிருந்து மேலே ஒரே கோடு இழுத்தார். மலை எழுந்து உட்கார்ந்தது. இருபது வருடத்தில் அப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை. சுரண்டிவிடத்தான் வேண்டும் என்று கத்தியைத் திருப்பிப் பிடித்தார். மனசு வரவில்லை. இந்த ஊரில் எவன் இதையெல்லாம் பார்க்கப் போகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை வரையாவது படத்தை வீட்டில் வைத்திருக்கலாம். அந்தப் பொறுமையும் இல்லை. வெள்ளிக்கிழமை மைத்துனனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்த கையோடு ஜன்னலில் வைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு ஒருவன் நின்றான். தலை கோதவில்லை. அருகில் போனான், பின்னால் நகர்ந்தான், மறுபடி அருகில் போனான். ஓவியருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் ஒரு ஆள் பார்க்கிறான். அவன் விரல் கண்ணாடி மேல் மலையின் ஓரமாக ஊர்ந்து, தண்ணீரைக் கடந்து, ஓட்டுக்கு மேல் போய் நின்றது. பக்கவாட்டில் திரும்பியபோதுதான் இடது கண்ணில் கட்டு தெரிந்தது.

ஃபிரேம் கடைக்காரர் வெளியே வந்தார். பூட்டிக் கிடக்கிற பம்ப் ரூமில் ஏது புகை என்று அவன் கேட்டிருக்கிறான். நண்பரைப் புகழ ஒரு வாய்ப்புக் கிடைத்தால் கடைக்காரர் விடுவாரா? தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நம்மாளு கண்ணால பாக்காத எதையும் வரையவே மாட்டாருங்க. புகை இருந்திருக்கும்."

அவன் ஜீப்பை நோக்கி ஓடினான். ஓவியர் கடைக்காரரின் ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டு குவாரிக் குறுக்குப் பாதையில் விரட்டினார். பாதி வழியில் கல்லில் ஏறி வண்டி கவிழ்ந்தது. முழங்கால் கிழிய எழுந்து ஓடினார். அக்கரையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

மைத்துனனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியவன் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்திருக்க, சின்னவன் இரும்புக் கம்பியால் தோளில், விலாவில், முகத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண் என்பதால் அடி குறி தவறித் தவறி விழுந்தது. தவறும்போதெல்லாம் அவனுக்கு வெறி ஏறியது. ஓவியர் சட்டைப் பையிலிருந்த கத்தியை உருவி அவன் வயிற்றில் குத்தினார். கத்தி வளைந்தது. சட்டையில் கொஞ்சம் பச்சைச் சாயம் ஒட்டியதுதான் மிச்சம்.

அவன் அதைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். பிறகு கம்பியை அவர் வலது கை மேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. மண்ணில் கிடந்தபடி மீதியையும் பார்த்தார். அடுத்த அடி குறி தவறவில்லை. மைத்துனனின் குதிகால் இரண்டு முறை மண்ணைக் கீறிவிட்டு நின்றது.

அண்ணன் தம்பி இருவரையும் போலீஸ் பிடித்துவிட்டது. ஆனால் மனைவிக்கு ஒரே கேள்விதான். யார் காட்டிக் கொடுத்தது? வக்கீல் குமாஸ்தாவைத் திட்டினாள், டீக்கடைக்காரர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டாள். ஓவியர் கையில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை ஃபிரேம் கடைக்காரர் படத்தைக் கொண்டுவந்து கூடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணில் கட்டுப் போட்டவன் புகையைப் பற்றிக் கேட்டதைச் சொல்லி, தன் வாயால்தான் எல்லாம் வந்தது என்று அழுதுவிட்டுப் போனார்.

அவள் படத்தின் முன் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருடைய படம் எதையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு சாயப் பெட்டியைத் திறந்து, கோணிப் போயிருந்த கத்தியை எடுத்து, ஓட்டின் மேல் வைத்து மேல்நோக்கி இழுத்தாள். சாயம் இன்னும் காயவில்லை. ஒரே இழுப்பில் புகை வழிந்து வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதைச் செய்ய உங்களால முடியலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பாழாய்ப்போன கண் சும்மா இருக்குமா? அது படத்துக்குப் போனது. புகை இல்லாமல் மலை மறுபடி செத்துக் கிடந்தது. ஐயோ கெடுத்துவிட்டாளே என்று ஒரு கணம் அவர் முகம் சுருங்கியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

கத்தியை ஓங்கி அவர் நெஞ்சில் குத்தினாள். அது வளைந்தது. நிமிர்த்தி மறுபடி குத்தினாள். அவர் நல்ல கையைக்கூட உயர்த்தவில்லை. சட்டையெல்லாம் நீலம் கலந்த வெள்ளையாகும்வரை அவள் குத்திக்கொண்டே இருந்தாள்.