ஃபெத்தா தோண்டிய வேர்

“இது உஃபல் அக்கா, ஆடு தின்னா ரத்தம் கக்கிச் சாகுமே, அந்த—”

“அத்ரீஸ்தான்டி! நீ இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியிருந்தே நான்தான்—”

“இலையைப் பாருங்க, தலைமுடி மாதிரி—”

“உன் தலைமுடியா? அது உதிர்ந்து எவ்வளவு நாளாச்சு?”

முற்றத்தில் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு ஓரகத்திகள் இருவரும் கத்தினார்கள். மூத்தவள் ஃபெத்தா, இளையவள் ஸ்மினா. இருவருக்கும் கணவன் இல்லை. வீடு ஒன்று, அடுப்பு ஒன்று.

எங்கள் கபீல் மலையூர்களில் வசந்தத்தின் முதல் நாளன்று அத்ரீஸ் வேர் போட்ட தண்ணீரில்தான் முட்டை வேகும். அந்த ஆவியிலேயே கூஸ்கூஸ் ரவையும் வேகும். அத்ரீஸும் உஃபலும் தளிர்விடும்போது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே சாயல். அத்ரீஸ் உடம்புக்கு நல்லது, உஃபல் விஷம். அந்த வீட்டில் வேர் தோண்டுவது ஃபெத்தாவின் உரிமை.

“நேத்து செங்கால் நாரை வந்துடுச்சுன்னு முதல்ல சொன்னது யாரு? பாதாம் பூ கொட்டிடுச்சுன்னு சொன்னது யாரு?”

“நாரை அலகு தட்டினது உங்க காதுல விழுந்தது. பூ காலடியில மெத்துன்னு இருந்தது. இது கண்ணு வேலை அக்கா.”

ஃபெத்தா வேரை ஒடித்து, பாலை மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டாள்.

“காலையில வீங்கும், பாரு. அத்ரீஸ் பால் பட்டா எந்தத் தோலும் தாங்காது.”

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து மகன் அக்லி அவளைப் பெஜாயா நகரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு நாலாம் மாடியில் வீடு. “வசந்தம் வரைக்கும் பொறுக்கிறேன், கண்ணு தெரியலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்” என்று சொல்லியிருந்தான். மறுநாள் விருந்துக்கு வருகிறான்.

காலையில் மணிக்கட்டில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

“என் தோலுக்குப் பழகிப்போச்சுடி” என்றாள் ஃபெத்தா.

“ஆமா, ஆமா. போய்ப் பெரிய கோழிக்கூட்டுல முட்டை எடுத்துட்டு வாங்க.”

அவள் தலை மறைந்ததும் ஸ்மினா கூடையைப் பள்ளத்தில் கொட்டினாள். பால் சுடாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள நேரமில்லை. சரிவில் ஏறினாள். செந்நிற அனிமோன் பூக்கள் விரிந்திருந்தன. ஒரு ஆமை ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அகன்ற, சொரசொரப்பான இலையாகப் பார்த்துத் தோண்டினாள்.

நண்பகலில் அக்லி வந்தான். இரண்டு முட்டை தின்றான், கூஸ்கூஸை ஆலிவ் எண்ணெயோடு வழித்துத் தின்றான்.

“தொண்டையிலேயே சுர்ருன்னு இருக்கும்மா. சரியான வேர். பெஜாயா பேச்சை இனி எடுக்க மாட்டேன்.”

“நான் சொன்னேன்ல?” என்று ஃபெத்தா ஸ்மினா பக்கம் திரும்பினாள். “கேட்டியா? ரொட்டியைக் கொடு.”

ஸ்மினா நீட்டினாள். ரொட்டியோடு ஃபெத்தாவின் விரல்கள் அவள் கையிலும் பட்டன. கை கொதித்தது. ஃபெத்தா முழங்கை வரை தடவினாள். எங்கும் தடிப்பு, கொப்புளம்.

“பழகாத தோலு அக்கா” என்றாள் ஸ்மினா மெதுவாக.

ஃபெத்தா அந்தக் கையை விடவில்லை. அக்லி அடுத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். கூரை மேல் நாரை அலகைத் தட்டியது.

“அக்லி, பெஜாயா போறப்ப உன் கார்ல எனக்கு இடம் இருக்குமா?” என்றாள் ஃபெத்தா.