கரட்டுக் குட்டை

தண்ணீர் லாரி தோட்டத்துத் தடத்தில் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. மயில்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வரட்டும், வரட்டும், கொஞ்சம் ரைட்டுல ஒடி" என்று டிரைவருக்குக் கை காட்டினார். பந்தலுக்குள் அவருடைய அக்கா வேலாத்தாள் கட்டிலில் கிடந்தாள். அவர் அவிநாசியில் வாங்கி வந்த வெள்ளைச் சேலை கால்மாட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடும் கோடி. குளிப்பாட்டி அதைக் கட்டிவிட்டால் எடுத்துவிடலாம். எல்லோரும் லாரிக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகன் வெள்ளியங்கிரி வந்து நின்றான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ராத்திரியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, லாரியத் திருப்பி அனுப்பிச்சுருங்க."

"ஏங்கண்ணு? அம்மாளக் குளிப்பாட்ட வேண்டாமா?"

"நம்ம கெணத்துத் தண்ணியே போதுமுங்க."

"அந்தத் தண்ணியா? ஆடு மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. அதயப் போயி..."

"அம்மா சொல்லீட்டுப் போயிருக்குதுங்க. 'உங்க மாமன் லாரித் தண்ணி கொண்டாருவான், வேண்டாம்னு சொல்லீரு. நம்ம கெணத்துத் தண்ணிதான் ஊத்தோணும். அதயும் அவனே சேந்தோணும்'னு."

சாவு வீட்டுக் கிணற்றில் முதல் குடம் சேந்துவது பிறந்த வீட்டு ஆணின் உரிமை. கிணறுகள் கெட்ட பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை. லாரியில் குழாயைச் சொருகி வேலையை முடித்துவிடுகிறார்கள். மயில்சாமி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்தான் பஞ்சாயத்துத் தலைவர். ஊர்க் குட்டையும் அதைச் சுற்றியிருந்த மேய்ச்சல் புறம்போக்கும் வேண்டுமென்று ஒரு சாயக் கம்பெனி கேட்டு வந்தது. சும்மா இல்லை; பதிலுக்குப் பாறைக் கரட்டு மேட்டில் இரண்டு பங்கு நிலம், அங்கே புதுக் குட்டை, கரையெல்லாம் மரம், ஊருக்குக் குழாய்த் தண்ணீர், பையன்களுக்கு வேலை. ஒன்றுக்கு இரண்டு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது மயில்சாமிக்குத் தெரியாததல்ல. குழாய் வந்துவிட்டால் குட்டை எதற்கு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

நிலத்தை மாற்றிக் கொடுக்குமுன், புதிதாகத் தோண்டிய கரட்டுக் குட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நல்ல ஐப்பசி மழை. ஊர்க் குட்டை தளும்பிக் கிடந்தது, கரட்டுக் குழியில் தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. மயில்சாமி நேராக அக்காவிடம் போனார்.

"அக்கா, ரெண்டு நாளைக்கு உன்ற மோட்டாரப் போடோணும். லாரி வரும்."

"எதுக்கு சாமி?"

"கரட்டுல செடி வெச்சிருக்குது. காயுதுக்கா."

மழைக்காலத்தில் செடி காயுமா என்று அவள் கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டாள். லாரிக்காரர்களுக்கு மோரும் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு நாளும் அவள் கிணற்றுத் தண்ணீர் லாரி லாரியாகக் கரட்டுக் குழிக்குப் போயிற்று. அதிகாரி வந்து கரையில் நின்று பார்த்து, "ஜம்முன்னு நிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலம் கை மாறியது. அடுத்த அமாவாசைக்குள் கரட்டுக் குட்டையில் பாறை தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ஒரு குட்டையை எதில் மறைப்பது? பழைய குட்டையில் நிரம்பிய சாயக் கழிவு, மழைத் தண்ணீர் போன வழியிலேயே இறங்கி முதலில் வேலாத்தாளின் கிணற்றுக்குத்தான் வந்தது. பருத்தி போயிற்று, பிறகு தென்னை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வரும்போதெல்லாம் லாரித் தண்ணீரில் டீ வைத்துக் கொடுத்தாள். தான் சொன்ன பொய் அக்காவுக்குத் தெரியாது என்று நம்பித்தான் அவர் அந்த டீயைக் குடித்தார். வயிற்றில் ஏதோ என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. மயில்சாமியும் கேட்கவில்லை.

வாளி கீழே போய்த் தொப்பென்று விழுந்தது. இழுத்தார். செம்பருத்திப் பூவை ஊறவைத்தது போலச் சிவப்பாக வந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது.

வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்று குடத்தைச் சரித்துப் பிடித்தான். "அம்மா எதுக்கு அப்புடிச் சொல்லுச்சுன்னு எனக்கு வெளங்கவேயில்லீங்க மாமா. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மயில்சாமி நினைத்தார்.

"கயிறு இத்துப் போயிருக்குது" என்றார். "பாத்து நில்லு கண்ணு."

பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குடம் குடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நிற்கவே கூடாது என்று இருந்தது அவருக்கு; நின்றால் மறைப்பை எடுப்பார்கள்.

எடுத்தார்கள். ஈரம் போகத் துடைக்காமலே கோடியைச் சுற்றியிருந்தார்கள். வெள்ளைச் சேலை தோளிலும் இடுப்பிலும் சிவப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. முந்தானை முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயி கிட்டே வந்து பார்த்தாள். புருஷன் போன நாளிலிருந்து வேலாத்தாள் வெள்ளை தவிர வேறு கட்டியதில்லை.

"தம்பி கொண்டாந்த கோடியில கலரு கட்டீட்டுப் போறா பாருங்க" என்றாள்.

அது குத்தலா, ஆற்றாமையா என்று அவருக்குத் தெரியவில்லை. மயில்சாமி அக்காவின் முகத்தைப் பார்க்க நினைத்து, காலைத்தான் பார்த்தார்.

டிரைவர் தயங்கித் தயங்கி வந்தான். "ஏனுங்க, லோடு அப்புடியே இருக்குதுங்க. என்ன பண்றதுங்க?"

"கரட்டுக் குட்டையில கொண்டுபோயி ஊத்தீரு."

"அங்கீங்களா? அங்க நிக்காதுங்களே."

"செடிக்கு ஊத்து."

"அங்க செடி ஏதுங்க?"

மயில்சாமி துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, பாடையின் முன்கழியைத் தாங்கினார். தூக்கியதும் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. கோடியின் நுனியிலிருந்து சொட்டு சொட்டாகத் தடத்துப் புழுதியில் விழுந்துகொண்டே வந்தது. முன்னால் லாரி தளும்பத் தளும்பக் கரட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று.