மஞ்சள் சூடு

எனக்குப் பொறுமை கிடையாது. திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிறுத்துகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். என் குதிரைக்குக்கூடத் தெரியும். அந்தப் பாழாய்ப்போன குணம்தான் என் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், மாசி மாதத்தில் என் பெண்சாதி தேவகிக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாள் கிடந்து பிழைத்தாள். எங்கள் கல்யாணம் அவளுக்கு நினைவிருந்தது. சமையல் நினைவிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு நான் வாங்கித் தந்த வளையலின் நிறம்கூட நினைவிருந்தது. ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு நடப்பது எதுவும் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட மனசில் நிற்கவில்லை. நான் கொல்லைக்குப் போய்விட்டு உள்ளே வந்தால் போதும், வெளியூரிலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்து, "எப்ப வந்த பாவா?" என்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பாள்.

எந்தப் புருஷனுக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. எனக்கோ எரிச்சல்தான் வந்தது.

"பள்ளிப்பட்டு பக்கம் வேடியப்பன்னு ஒருத்தர் கீறாரு. மஞ்சளச் சுட்டு நெத்தில வெச்சா மூள தெளிஞ்சிடுமாம்," என்றான் கூட வண்டி ஓட்டுகிற சேட்டு. மறுநாளே அவளை ஏற்றிக்கொண்டு போனேன். வேடியப்பன் மஞ்சள் கிழங்கைத் தணலில் சுட்டெடுத்தார். அவள் திமிறாமலிருக்க இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டவன் நான். நெற்றியில் ஒன்று, இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் ஒவ்வொன்று. அலறியபோது அவள் வேடியப்பனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வண்டி ஆர்.கே.பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் மறந்துபோயிற்று. "நெத்தி எரியுதே, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். ஆறுதல் சொல்லலாமென்று திரும்பிக் கையை நீட்டினேன். வண்டியின் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் தட்டை நீட்டினால் வாங்கமாட்டாள். கீழே வைத்துவிட்டு நான் வெளியே போனால்தான் சாப்பிடுவாள். பாதி நாள் அதுவும் இல்லை. புண் ஆறித் தழும்பாகிவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். "நடந்தத ஞாபகம் வெச்சிக்கிற எடம் காய்ச்சல்ல கெட்டுப்போச்சுங்க. பயத்த வெச்சிக்கிற எடம் மூளையில வேற போலிருக்கு, அது கெடல. உங்க கைன்னா வலின்னு அதுக்குத் தெரியும். ஏன்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது."

"மருந்து கீதுங்களா?"

"இல்லீங்க," என்றார்.

ஐப்பசியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து அவள் அக்கா மணியம்மை வந்தாள். "எலும்பும் தோலுமா போயிட்டாளே தம்பி! என்னோட அனுப்புங்க," என்றாள். தேவகி போய்விட்டால் எனக்கென்று யாருமில்லை. ஒரே ஒரு தடவை அவளிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மணியம்மையிடம் கெஞ்சினேன். அக்காக்காரி வெளியே போய் நின்றாள்.

நான் தள்ளியே உட்கார்ந்தேன். தேவகி கண் கலங்கினாள். "உன்னக் கண்டா ஏன் ஒடம்பு நடுங்குதுன்னு தெரியல பாவா. நீ நல்லவன். எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு."

அதற்குமேல் தாங்க முடியவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே! மஞ்சள் சுட்டது, நான் கையைப் பிடித்தது, அவள் என்னைப் பார்த்து அலறியது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"நான் நல்லாவணும்னுதானே செஞ்ச? போவட்டும் வுடு," என்றாள். கிட்ட நகர்ந்து வந்து, நடுங்கிக்கொண்டே என் கையை அவளாகவே எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவளைத் தொட்டேன். ஐயோ, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளியே குதிரை கனைத்தது. அவள் வாசல் பக்கம் திரும்பி, அங்கே நின்ற அக்காவைக் கண்டு சிரித்து, இரண்டு வார்த்தை பேசினாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, தன் மணிக்கட்டின்மேல் கிடந்த என் விரல்களைப் பார்த்தாள். வேடியப்பன் வீட்டில் அலறிய அதே அலறல்.

"அக்கா! எதுக்கு இவரு என் கையப் புடிச்சிகினு கீறாரு?"

நான் எழுந்து போய் வண்டியைப் பூட்டினேன். மணியம்மை அவளைப் பின்னால் ஏற்றி உட்கார வைத்தாள். பொதட்டூர்பேட்டை வரைக்கும், அவள் கண்ணில் படாதபடி இரண்டு கையையும் மடிக்குள் தாழ்த்தி வைத்துக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்திருந்தேன்.